வீட்டு லோனை வேற பேங்குக்கு மாத்துறது: கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஓசூர், கிருஷ்ணகிரி, பாலக்கோடு, தர்மபுரி, அரூர்னு நம்ம பக்கம் வீடு வாங்கினவங்க, கட்டினவங்க லோன் பேப்பரோட வந்து கேக்குற கேள்விங்களத்தான் இங்க எழுதியிருக்கேன். நான் எந்த பேங்குக்கும் ஏஜென்ட் இல்லைங்க, லோன் பேப்பர் வேலை பாத்து பழக்கம், அவ்வளவுதான். கடைசி வரைக்கும் படிக்க நேரம் இல்லாதவங்க மூணாவது கேள்விய மட்டுமாவது படிச்சுட்டு போங்க, காசு போறது அங்கதான்.

ரிசர்வ் பேங்க் வட்டி குறைச்சதா டிவில சொன்னாங்க, எனக்கு மட்டும் ஏன் இன்னும் ஒன்பதரையே ஓடுது?

உங்க லோன் எதோட கட்டியிருக்குன்னு முதல்ல பாக்கணும். 2019 அக்டோபர் 1ல இருந்து பேங்குங்க புதுசா குடுக்குற ஃப்ளோட்டிங் (ஏறி இறங்குற வட்டி) வீட்டு லோன் எல்லாம் ரெப்போ (பேங்குங்களுக்கு ரிசர்வ் பேங்க் கடன் குடுக்குற வட்டி) மாதிரி ஒரு வெளி ரேட்டோட கட்டியிருக்கணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது ரேட்ட மாத்தி போடணும். 2025 பிப்ரவரில 6.50ஆ இருந்த ரெப்போ அந்த வருஷம் டிசம்பருக்குள்ள 5.25க்கு வந்துச்சு, ஒண்ணேகால் பர்சென்ட். ரெப்போ லோன்காரங்களுக்கு அது தானா இறங்கிடும். ஆனா 2016ல இருந்து 2019 வரைக்கும் லோன் வாங்கினவங்க நிறைய பேரு எம்சிஎல்ஆர்லயே (பேங்க் தன்னோட செலவ வெச்சு தானே போடுற ரேட்டு) உக்காந்திருக்காங்க, அதுக்கும் முன்னாடி வாங்கினவங்க பேஸ் ரேட்னு இன்னும் பழைய ரேட்ல. ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனில வாங்கினவங்க கதை வேற, அவங்களுக்கு இந்த ரெப்போ கட்டாயமே கிடையாது, கம்பெனியோட சொந்த ரேட்டுதான், ஏத்துறப்ப சீக்கிரம் ஏறும், இறக்குறப்ப மெதுவா இறங்கும். நம்ம பக்கம் பஞ்சாயத்து அப்ரூவல் வீடுங்களுக்கு பேங்க் யோசிச்சப்ப ஃபைனான்ஸ் கம்பெனிதான் லோன் குடுத்துச்சு, அதனாலதான் இங்க ஒன்பதரை, பத்து கட்டுறவங்க இவ்ளோ பேரு இருக்காங்க.

அப்ப உடனே வேற பேங்குக்கு போயிடலாமா?

இருங்க, முதல்ல பழைய இடத்துலயே கேளுங்க. "ரேட் கன்வர்ஷன் வேணும், இப்ப புது கஸ்டமருக்கு என்ன ரேட் குடுக்குறீங்களோ அது எனக்கும் வேணும்"னு எழுத்துல குடுங்க, மெயில்லயும் போடுங்க. எம்சிஎல்ஆர்ல இருந்து ரெப்போவுக்கு மாத்த பேங்க் ஒரு சின்ன சார்ஜ் வாங்கும், அதோட சரி. புது லீகல் கிடையாது, வேல்யூவேஷன் கிடையாது, ரிஜிஸ்டர் ஆபீஸ் போக வேண்டியதில்ல. வாயால கேட்டா "ஹெட் ஆபீஸ்ல கேக்கணும் சார்"னு சொல்லி அனுப்பிடுவாங்க, அதனாலதான் எழுத்துலன்னு சொல்றேன். வேற பேங்க் லோன் குடுக்க சம்மதிச்ச சாங்ஷன் லெட்டர கையில வெச்சிக்கிட்டு ஃபோர்க்ளோஷர் லெட்டர் (லோன முழுசா முடிக்க எவ்ளோ கட்டணும்னு பழைய பேங்க் குடுக்குறது) கேட்டீங்கன்னா அதுவரைக்கும் முடியாதுன்ன ரேட்டு நிறைய பேருக்கு அன்னைக்கே வந்துருக்கு. பழைய இடம் கால் பர்சென்ட் வித்தியாசத்துக்குள்ள இறங்கி வந்துட்டா அங்கயே இருந்துடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

ஏஜென்ட் டியூ அஞ்சாயிரம் குறையும்னு சொல்றாரு, நம்பலாமா?

டியூ குறையுறது உண்மையா இருக்கும், ஆனா கடன் குறையுதான்னு தனியா பாக்கணும். சிப்காட்ல வேலை பாக்குற தம்பி ஒருத்தர் ஏஜென்ட் எழுதிக் குடுத்த ஒரு துண்டு பேப்பரோட வந்தாரு. இப்ப டியூ 26,100, மாத்தினா 20,900, கீழ பெருசா "மாசம் 5,200 மிச்சம்"னு கோடு போட்டு எழுதியிருந்துச்சு. பாக்கி 25 லட்சம், வட்டி 9.5ல இருந்து 8க்கு வருது, எல்லாம் சரி. பேப்பர்ல எழுதாத ஒண்ணு, அவருக்கு மீதி 15 வருஷம் இருந்த லோன ஏஜென்ட் 20 வருஷமா ஆக்கியிருந்தாரு.

கணக்க பாருங்க. இருக்குற மாதிரியே 9.5ல 15 வருஷம் கட்டினா மொத்தம் சுமார் 47 லட்சம். 8க்கு மாத்தி 20 வருஷம் கட்டினா மொத்தம் 50 லட்சத்துக்கு மேல. ஒன்றரை பர்சென்ட் வட்டி குறைஞ்சும் மூணு லட்சம் சொச்சம் அதிகமா கட்டுறோம், அதோட மாத்துற செலவு வேற!

அதே 8க்கு மாத்தி வருஷத்த 15லயே வெச்சா டியூ சுமார் 23,900 வரும், மாசம் 2,200 மிச்சம், மொத்தத்துல கிட்டத்தட்ட நாலு லட்சம். இன்னும் ஒண்ணு பண்ணலாம், வட்டிய 8க்கு இறக்கிட்டு டியூவ மட்டும் பழைய 26,100லயே விட்டுடுங்க, லோன் 153 மாசத்துல முடிஞ்சிடும், அதாவது ரெண்டேகால் வருஷம் முன்னாடியே, மிச்சம் ஏழு லட்சம். ஒரே லோன், ஒரே வட்டி, ஒருத்தருக்கு மூணு லட்சம் நட்டம் இன்னொருத்தருக்கு ஏழு லட்சம் லாபம், நடுவுல இருக்குறது எத்தன வருஷம்னு ஃபார்ம்ல போடுற அந்த ஒரு கட்டம்தான். அந்த கட்டத்த நீங்களே உங்க கையால எழுதுங்க, ஏஜென்ட் நிரப்பட்டும்னு காலியா விட்டு கையெழுத்து போட வேணவே வேணாம். தம்பி வீட்ல பேசிட்டு 15 வருஷமே போட்டாரு.

வீட்ல நெஜமாவே கஷ்டம், வேலை போயிடுச்சு, ஆஸ்பத்திரி செலவு, மாசம் அஞ்சாயிரம் குறைஞ்சாதான் மூச்சு விட முடியும்னா வருஷத்த நீட்டுறது தப்பில்ல. தெரிஞ்சு செய்ங்க, கை தேறினதும் டியூவ ஏத்திக்கங்க.

மாத்த மொத்த செலவு எவ்ளோ ஆகும்?

பெரிய செலவு எம்ஓடி. புது பேங்க் உங்க பத்திரத்த வாங்கி வெச்சதுக்கு அடையாளமா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிவு பண்றது, தமிழ்நாட்டுல இத தட்டிக் கழிக்க முடியாது. முத்திரைத் தீர்வை லோன் தொகைல அரை பர்சென்ட், அதிகபட்சம் 30,000. பதிவுக் கட்டணம் ஒரு பர்சென்ட், அதிகபட்சம் 6,000. 25 லட்சத்துக்கு 12,500 பிளஸ் 6,000, ஆக 18,500. பழைய பேங்குக்கு போட்டப்ப கட்டினது இதுல கழியாது, புதுசா முழுசா கட்டணும்.

அதுக்கு மேல பிராசசிங் ஃபீஸ், அதுக்கு 18 பர்சென்ட் ஜிஎஸ்டி, வக்கீல் லீகல் ஒப்பீனியன், இன்ஜினியர் வேல்யூவேஷன், பத்திரம் எழுதுறவருக்கு, பழைய எம்ஓடிய கேன்சல் பண்ற ரசீது பத்திரத்துக்கு. பண்டிகை நேரத்துல பிராசசிங் ஃபீஸ் தள்ளுபடி போடுவாங்க, அது கிடைச்சா ஒரு பாரம் குறையும், ஆனா "ஜீரோ காஸ்ட்"ன்னு விளம்பரத்துல சொல்றதுல எம்ஓடி சேராது, அதை ஒரு தடவை வாய்விட்டு கேட்டுக்கங்க. 25 லட்சம் லோனுக்கு எல்லாம் சேத்து 35,000 ஆகுதுன்னு வெச்சிக்கிட்டா ஒன்றரை பர்சென்ட் வித்தியாசத்துல முதல் வருஷ வட்டியிலயே அது திரும்ப வந்துடும். அரை பர்சென்ட்தான் வித்தியாசம்னா மூணு வருஷம் கிட்ட ஆகும், அப்ப யோசிக்கணும்.

2024 அக்டோபர் 1ல இருந்து லோன் குடுக்குறவங்க கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்னு ஒரு தாள் குடுத்தே ஆகணும், அதுல எல்லா சார்ஜும் சேத்து வருஷ வட்டி எவ்வளவுன்னு ஏபிஆர்னு போட்டிருக்கும். ரெண்டு பேங்க ஒப்பிட்டா அந்த நம்பர வெச்சு ஒப்பிடுங்க.

பழைய பேங்க் அபராதம் போடுமா?

தனி ஆள் பேர்ல இருக்குற ஃப்ளோட்டிங் வீட்டு லோனுக்கு போடக் கூடாது. பேங்குக்கு 2012லயே ரிசர்வ் பேங்க் சொல்லிடுச்சு, ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் அதே சட்டம்தான். சொந்தக் காசுல அடைச்சாலும் சரி, வேற பேங்க் அடைச்சாலும் சரி. ஃபிக்சட் ரேட்னா அக்ரிமென்ட் பாக்கணும், அதுல சார்ஜ் இருக்கலாம். முதல் சில வருஷம் ஃபிக்சட், அப்புறம் ஃப்ளோட்டிங்னு இருக்குற லோன்னா ஃப்ளோட்டிங் ஆனதுக்கு அப்புறம் மாத்துங்க. கிரானைட், மாங்கூழ் யாவாரத்துக்காக வீட்ட அடமானம் வெச்ச லோன வீட்டு லோன்னு நெனச்சுக்கிட்டு வர்றாங்க, அது வேற வகை, அதுக்கு சட்டமும் வேற.

என்னென்ன பேப்பர் ரெடி பண்ணணும்?

பழைய பேங்க்ல இருந்து மூணு: லோன் ஸ்டேட்மென்ட் (ஒரு வருஷம் டியூ ஒழுங்கா கட்டினது தெரியணும்), அவங்ககிட்ட என்னென்ன ஒரிஜினல் இருக்குன்னு எல்ஓடி லிஸ்ட், கடைசில ஃபோர்க்ளோஷர் லெட்டர். உங்க தரப்புல சம்பள ஸ்லிப், ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட், ஆதார், பான். யாவாரம்னா ஐடிஆர் (வருமான வரிக் கணக்கு). சொத்து தரப்புல கிரயப் பத்திர ஜெராக்ஸ், தாய் பத்திரம், ஈசி (வில்லங்கச் சான்று), பட்டா, பிளான் அப்ரூவல், வீட்டு வரி ரசீது. ஈசி, பட்டா ரெண்டையும் ஆன்லைன்லயே எடுத்துடலாம்.

நம்ம மாவட்டத்துக்குன்னு ஒரு சங்கதி. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரில, அதுக்கு முன்னாடி எழுதின பத்திரத்துல எல்லாம் "தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி வட்டம்"னுதான் இருக்கும், 1965க்கு முந்தின தாய் பத்திரம்னா சேலம் மாவட்டம்னு இருக்கும். சென்னையிலயோ பெங்களூர்லயோ உக்காந்து பாக்குற வக்கீல் மாவட்டப் பேரு மாறுதேன்னு ஒரு கேள்வி போட்டு ஃபைல நிறுத்திடுவாரு. பயப்பட ஒண்ணும் இல்ல, சர்வே நம்பரும் கிராமமும் ஒண்ணுதான்னு காட்டுங்க, உட்பிரிவு ஆகி நம்பர் மாறியிருந்தா பழைய நம்பர், புது நம்பர் தெரியிற பதிவேட்ட தாலுகா ஆபீஸ்ல வாங்கி முன்னாடியே ஃபைல்ல சேத்துடுங்க. கூட்டுப் பட்டாவா இருந்தா இப்பவே தனிப் பட்டாவுக்கு மனு போடுங்க, அதுதான் ரொம்ப இழுக்கும்.

மனை அப்ரூவ்டு இல்ல, பழைய கம்பெனி குடுத்துச்சு, புது பேங்க் குடுக்குமா?

பெரும்பாலும் குடுக்காது. புது பேங்க் லீகல மொதல்ல இருந்து பாக்கும், பழைய இடம் ஏத்துக்கிட்டாங்கன்றத கணக்குல எடுக்காது. 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி பதிவான அன்அப்ரூவ்டு மனைக்கு வரன்முறை கொண்டு வந்தாங்க, அதுல முறைப்படுத்தி ஆர்டர் வாங்கியிருந்தா அந்த ஆர்டர வெச்சு கேக்கலாம். கீழ் தளத்துக்கு மட்டும் பிளான் வாங்கிட்டு மேல ஒரு தளம் ஏத்தியிருந்தா வேல்யூவேஷன் இன்ஜினியர் அத கண்டிப்பா எழுதுவாரு. அதனால பிராசசிங் ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே ஜெராக்ஸ் செட்ட குடுத்து "லீகல் தேறுமா"ன்னு கேளுங்க, ஃபீஸ் கட்டின அப்புறம் ரிஜெக்ட் ஆனா பல பேங்க்ல அந்தக் காசு திரும்ப வராது.

எப்படி நடக்கும், வரிசையா சொல்லுங்க.

புது பேங்க்ல அப்ளை பண்ணி சாங்ஷன் ஆகும், அப்புறம் பழைய பேங்க்ல ஃபோர்க்ளோஷர் லெட்டர் வாங்கணும், புது பேங்க் அந்தத் தொகைக்கு டிடியோ ட்ரான்ஸ்ஃபரோ பண்ணும், பழைய பேங்க் கணக்க முடிச்சு பத்திரத்த குடுக்கும், பழைய எம்ஓடி கேன்சல் ஆகும், புது எம்ஓடி விழும்.

இதுல மாட்டுற இடம் ஃபோர்க்ளோஷர் லெட்டர். அதுல ஒரு தேதி போட்டு அது வரைக்கும்தான் இந்தத் தொகை, அதுக்கப்புறம் ஒரு நாளைக்கு இவ்ளோ வட்டின்னு போட்டிருக்கும். 25 லட்சம், 9.5 வட்டின்னா ஒரு நாளைக்கு 650 ரூபா. டிடி ரெண்டு நாள் லேட்டா போய் சேந்தா ஆயிரத்து முந்நூறு பாக்கி நிக்கும், அந்தப் பாக்கியால கணக்கு குளோஸ் ஆகாது, குளோஸ் ஆகலைன்னா பத்திரம் வராது, நடுவுல அஞ்சாந்தேதி டியூ வேற பழைய பேங்க்ல பிடிச்சிடுவாங்க. அதனால டிடி குடுக்குற அன்னைக்கே பழைய பேங்க் கவுன்டர்ல நின்னு "இன்னைக்கு தேதிக்கு எவ்ளோ நிக்குது"ன்னு கேட்டு குறையறத கையோட கட்டிடுங்க, ஜீரோ பேலன்ஸ் ஸ்டேட்மென்டும் என்ஓசியும் (பாக்கி இல்லைன்ற சான்று) வாங்குங்க. கணக்கு முடிஞ்சது உறுதியான பிறகுதான் பழைய ஆட்டோ டெபிட்ட நிறுத்தணும், முன்னாடியே நிறுத்திட்டு டியூ பவுன்ஸ் ஆச்சுன்னா சிபில்ல (நீங்க கடன் கட்டுன விவரமும் மார்க்கும் இருக்குற ரிப்போர்ட்) ஏறும்.

பத்திரம் எல்லாம் பெங்களூர்ல இருக்குன்றாங்க, எப்ப வரும்?

ஓசூர் ஆளுங்க நிறைய பேரு பெங்களூர் கிளையில லோன் வாங்கியிருக்காங்க, பத்திரத்த அவங்க பொதுவா ஒரு குடோன்ல வெச்சிருப்பாங்க. 2023 டிசம்பர் 1ல இருந்து ரிசர்வ் பேங்க் விதி இருக்கு: லோன் முழுசா அடைஞ்ச 30 நாளுக்குள்ள ஒரிஜினல் எல்லாம் திருப்பிக் குடுத்து அடமானப் பதிவையும் எடுக்கணும், அவங்க தப்பால லேட் ஆனா ஒரு நாளைக்கு 5,000 ரூபா உங்களுக்கு நஷ்டஈடு. லோன் இருந்த கிளையிலயோ பத்திரம் இருக்குற வேற ஆபீஸ்லயோ, எங்க வேணும்னு நீங்க சொல்லலாம். பேங்க் மாத்துறப்ப புது பேங்க் ஆளும் கூட வந்து வாங்கிப்பாங்க. வாங்குறப்ப எல்ஓடி லிஸ்ட்ட கையில வெச்சு ஒவ்வொரு தாளா டிக் போடுங்க, தாய் பத்திரம் ஒண்ணு குறைஞ்சாலும் அங்கயே எழுதி வாங்குங்க.

லோன் பெங்களூர்னாலும் சொத்து ஓசூர்ல இருக்குறதால எம்ஓடி நம்ம ஊர் ரிஜிஸ்டர் ஆபீஸ்லதான், தமிழ்நாட்டுக் கட்டணம்தான்.

டாப்-அப் (வீட்டு லோன் மேல கூடுதலா வாங்குற கடன்) சேத்து வாங்கிக்கலாமா?

பொண்ணு கல்யாணம், போர் போடுறதுன்னு தேவை இருந்தா பர்சனல் லோனவிட, நகை லோன திருப்பித் திருப்பி வெக்கிறதவிட டாப்-அப் வட்டி குறைவுதான். ஆனா அஞ்சு லட்சத்த 20 வருஷத்துக்கு இழுத்து கட்டினா கல்யாண செலவுக்கு பேரன் பொறந்து பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் வட்டி கட்டுற மாதிரி ஆயிடும். டாப்-அப்ப தனிக் கணக்கா, அஞ்சு வருஷம் மாதிரி கம்மி காலத்துக்கு கேளுங்க. காருக்காக, ஷேர் மார்க்கெட்டுக்காக வீட்டு மேல கடன் ஏத்துறது எனக்கு ஒப்புக்கல, சொல்லிட்டேன்.

இன்சூரன்ஸ் எடுத்தாதான் லோன்னு சொல்றாங்க.

கட்டாயம் இல்ல. ஒரே பிரீமியமா லோனோட சேத்து ஏத்துற பாலிசிய வேணாம்னு எழுத்துல சொல்லலாம். பழைய லோனோட எடுத்த பாலிசி இன்னும் ஓடுதான்னு கேளுங்க, சிலது சரண்டர் பண்ணா கொஞ்சம் காசு வரும். குடும்பத்துக்கு பாதுகாப்பு வேணும்தான், அதுக்கு தனியா ஒரு டேர்ம் பாலிசி எடுத்தா விலை கம்மி.

மாத்தினா வருமான வரிச் சலுகை போயிடுமா?

பழைய வரி முறையில இருக்கீங்கன்னா வீட்டு லோன அடைக்க வாங்கின லோனோட வட்டிக்கும் சலுகை தொடரும், டாப்-அப்ப வேற செலவுக்கு எடுத்திருந்தா அந்தப் பகுதிக்கு கிடைக்காது. புது வரி முறையில சொந்தமா குடியிருக்குற வீட்டு வட்டிக்கு கழிவே இல்ல.

பிரதமர் வீட்டு வசதி மானியம் ஏற்கனவே வாங்கினவங்களுக்கு புது பேங்க்ல திரும்ப அந்த மானியம் கிடையாது.

நாலு பேங்க்ல ஒரே நேரத்துல அப்ளை பண்ணா சிபில் குறையுமா?

குறையும், ஒவ்வொரு என்கொயரிக்கும் கொஞ்சம். ரேட் விசாரிக்கிறதுக்கு பான் நம்பர் குடுக்காதீங்க, வாய்ல கேளுங்க, ஒண்ணு ரெண்டு இடத்துல மட்டும் அப்ளை பண்ணுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை சிபில் ரிப்போர்ட் இலவசமா எடுக்கலாம், முதல்ல அத பாருங்க. முடிஞ்சு போன பைக் லோன், டிராக்டர் லோன் இன்னும் ஓடுறதா காட்டுச்சுன்னா சரி பண்ணிட்டு அப்புறம் போங்க. 750க்கு மேல இருந்தா ரேட்டு பேரம் பேச வாய் இருக்கும்.

எனக்கு மாந்தோப்பு, சீசன் வருமானம்தான், குடுப்பாங்களா?

ஐடிஆர் மூணு வருஷம் போட்டிருந்தா, மண்டிக்காரர் பணத்த ரொக்கமா இல்லாம பேங்க்ல போட்டிருந்தா குடுப்பாங்க. சம்பளக்காரங்களவிட கால் பர்சென்ட் மாதிரி கூட கேப்பாங்க. பையனோ பொண்ணோ சம்பளத்துல இருந்தா அவங்கள கோ-அப்ளிகன்டா சேத்தா சுலபம், ஆனா அந்தப் பிள்ளை நாளைக்கு சொந்தமா லோன் வாங்குறப்ப இதுவும் அவங்க கணக்குல நிக்கும், கேட்டுட்டு சேருங்க.

யாரு மாத்த வேணாம்?

மீதி நாலஞ்சு வருஷம்தான் இருக்கு, பாக்கி அஞ்சாறு லட்சம்தான்னா வேணாம், வட்டியில பெரும்பகுதிய ஏற்கனவே கட்டி முடிச்சிட்டீங்க, கையில சேந்தத அசல்ல கட்டுங்க. ரெண்டு வருஷத்துல வீட்ட விக்கப் போறவங்களும் வேணாம். சொத்து அப்பா பேர்ல இருந்து அவர் காலமாயிட்டாருன்னா வாரிசுச் சான்று, பட்டா பேரு மாத்தம் எல்லாம் முடிச்சிட்டு அப்புறம் வாங்க.

பழைய பேங்க் லெட்டரே தர மாட்டேங்குது, இழுத்தடிக்குது, எங்க போறது?

முதல்ல அந்த பேங்க்லயே எழுத்துல புகார், நம்பர் வாங்கிக்கங்க. 30 நாள்ல பதில் வரலைன்னா, பதில் திருப்தி இல்லைன்னா ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்ட ஆன்லைன்லயே போடலாம், ஃபீஸ் இல்ல, 14448க்கு போன் பண்ணியும் விவரம் கேக்கலாம். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனின்னா நேஷனல் ஹவுசிங் பேங்க்கோட புகார் தளத்துல போடணும்.

எல்லாம் முடிஞ்சாச்சு, இனி ஏதாச்சும் பாக்கணுமா?

ஒரு மாசம் கழிச்சு ஈசி ஒண்ணு எடுங்க. பழைய பேங்க் எம்ஓடி, அதுக்கு நேரா ரசீது, அப்புறம் புது பேங்க் எம்ஓடி, மூணும் வரிசையா இருக்கணும். ரசீது விழாம இருக்குறது நம்ம பக்கம் சாதாரணமா நடக்குது, ஏன்னா அதுக்கு பழைய பேங்க் தரப்புல கையெழுத்து போட அதிகாரம் உள்ளவரு ரிஜிஸ்டர் ஆபீஸ் வரணும், அவரு தேதி தள்ளிக்கிட்டே போவாரு, நீங்களும் மறந்துடுவீங்க, பல வருஷம் கழிச்சு வீட்ட விக்கிறப்ப அந்தக் கிளையே இருக்காது. செர்சாய்னு அடமானத்த பதிவு பண்ற மத்திய பதிவேடு இருக்கு, அதுலயும் பழைய பேங்க் பேர எடுத்தாச்சான்னு அவங்ககிட்ட கேட்டு எழுத்துல வாங்குங்க. ரெண்டு மாசம் கழிச்சு சிபில் எடுத்தா பழைய லோன் குளோஸ்டுன்னு காட்டணும், "செட்டில்டு"ன்னு காட்டுச்சுன்னா அது கடன குறைச்சு முடிச்சவங்களுக்கு போடுறது, உடனே என்ஓசிய காட்டி மாத்தச் சொல்லுங்க.